எந்த கெமர் வாத்தியத்தைக் கற்பது? த்ரோ, ரொனியத், கிம், க்லோய், சாப்பெய்: ஓர் ஒப்பீடு

அங்கோர் போய்வந்தவர்களில் பலர் ஒரே கேள்வியோடு திரும்புகிறார்கள். தா புரோம், பந்தியாய் ஸ்ரே போன்ற கோயில்களுக்கு நடந்து போகும் பாதையோரம், கண்ணிவெடியில் கை கால் இழந்தவர்கள் குழுவாக உட்கார்ந்து வாசிப்பார்கள். அந்த இசை மனதில் தங்கிவிடுகிறது. "அதில் ஒன்றைக் கற்க வேண்டும், எதை வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். வேலைக்காகப் புனோம் பென்னில் இரண்டு மூன்று ஆண்டுகள் தங்கியிருப்பவர்களும் இதையே கேட்கிறார்கள். இவர்களில் சிலருக்கு வயலினோ வீணையோ ஏற்கெனவே தெரியும். சிலருக்கு இதுதான் முதல் வாத்தியம்.

கம்போடியாவின் கெமர் மக்களிடம் இசைக்கருவிகள் ஏராளம். வெளியிலிருந்து வருபவர் கற்கத் தொடங்கக்கூடியவை என்று நான் நினைக்கும் ஐந்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். வில்லால் வாசிக்கும் இருதந்திக் கருவியான த்ரோ, மரப்பட்டைகளைத் தட்டி வாசிக்கும் ரொனியத் ஏக், சிறு மூங்கில் குச்சிகளால் கம்பிகளைத் தட்டும் கிம், மூங்கில் குழலான க்லோய், நீண்ட கழுத்துள்ள சாப்பெய் டாங் வெங் ஆகியவை அந்த ஐந்து.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். கருவியை முதலில் வாங்கிவிட்டு ஆசிரியரைத் தேடாதீர்கள். ஆசிரியரைக் கண்டுபிடித்து, அவரிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அவர் வாசிக்கும் கருவியிலிருந்து தேர்ந்தெடுங்கள். மற்ற எல்லாக் கணக்கும் அதற்குப் பிறகுதான்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

ஆசிரியர். கெமர் இசை செவிவழியாக வந்தது. குரு வாசிப்பார், சீடர் கேட்டுத் திரும்ப வாசிப்பார். எழுதிவைத்த பாடம் பெரிதாகக் கிடையாது. அதனால்தான் 1975 முதல் 1979 வரை நாட்டைப் பிடித்திருந்த கெமர் ரூஜ் என்னும் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சி இந்த இசைக்கு அவ்வளவு பெரிய அடியாக விழுந்தது. கலைஞர்களில் பத்தில் ஒன்பது பேர் அந்த நான்கு ஆண்டுகளுக்குள் இறந்தார்கள் என்று பரவலாகக் கணக்கிடப்படுகிறது. ஒரு வித்வான் இறந்தபோது அவருக்கு மட்டுமே தெரிந்த பாடல்களும் அவரோடு போயின. தப்பியவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்களிடம் இளைஞர்களைச் சேர்க்கும் வேலையை 1998இல் ஆர்ன் சோர்ன் பாண்ட் தொடங்கினார். அவரே சிறுவனாகக் கெமர் ரூஜ் முகாமில் வாசிப்பதற்காக இசை கற்று, அதனால் உயிர் தப்பியவர். அந்த முயற்சிதான் இன்று கம்போடியன் லிவிங் ஆர்ட்ஸ் என்ற அமைப்பாக நிற்கிறது. புனோம் பென்னில் இருக்கும் அரச நுண்கலைப் பல்கலைக்கழகமும் பட்டாம்பாங்கின் பாரே பொன்லூ செல்பாக் பள்ளியும் ஆசிரியரைத் தேடத் தொடங்க நல்ல இடங்கள்.

தனியாக வாசிக்க முடியுமா? இதைப் பலர் யோசிப்பதே இல்லை. கெமர் குழு இசையில் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் வாசிக்கிறார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தன் கருவிக்கு ஏற்றபடி வேறு வேறாக வாசிக்கிறார்கள். முழுப் பாட்டு எந்த ஒரு கருவியிலும் இல்லை, எல்லாம் சேரும்போதுதான் கிடைக்கிறது. சில கருவிகளை வீட்டில் தனியே வாசித்தால் பாதிப் பாட்டுதான் கேட்கும்.

சுருதி. ஒரு ஸ்தாயியை ஏறக்குறைய சமமான ஏழு பங்காகப் பிரித்துச் சேர்க்கும் வழக்கம் கெமர் இசையில் உண்டு. குழுவுக்குக் குழு அது கொஞ்சம் மாறும். பல மெட்டுகள் ஐந்து ஸ்வரங்களில் நகரும், மற்ற இரண்டும் போகிற வழியில் தொட்டுச் செல்பவை. ஹார்மோனியம், கீபோர்டு, நம் தம்பூரா எதனோடும் இது அப்படியே ஒட்டாது. ஸ்வரங்களை நிலையாகக் கட்டிவைத்த கருவியை வாங்கினால், வேறு இசைக்கு அது உதவாது. விரலால் ஸ்வரத்தை உண்டாக்கும் கருவிகளில் இந்தச் சிக்கல் குறைவு.

மொழி, எடை, பராமரிப்பு. இவை கருவிக்குக் கருவி மாறும். கீழே அங்கங்கே சொல்கிறேன்.

## த்ரோ

த்ரோ ஒரு குடும்பம். தேங்காய்ச் சிரட்டையில் செய்த த்ரோ ஊ கனத்த குரல் உடையது. மரத்தாலான சிறிய குடம் கொண்ட த்ரோ சாவ் கீச்சென்று தெளிவாகப் பேசும். இரண்டிலும் இரண்டு தந்திகள்தான், ஒன்றுக்கொன்று ச, ப தூரத்தில் சேர்ப்பார்கள். வில்லின் நார் இரண்டு தந்திகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும், தனியே எடுக்க முடியாது. உள்ளே அழுத்தினால் ஒரு தந்தி, வெளியே இழுத்தால் மற்றது. விரலுக்கு அடியில் பலகை கிடையாது, தந்தியை அந்தரத்திலேயே தொட வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம்தான் த்ரோவின் அழகு, கஷ்டமும் அதுவே. விரலைச் சற்று நகர்த்தினாலும் அழுத்தத்தை மாற்றினாலும் ஸ்வரம் வழுக்கும். நம் காதுக்குப் பழகிய கமகம் போன்ற குழைவு இதில் இயல்பாக வரும். ஆனால் முதல் சில மாதங்கள் எதுவும் சுருதியில் நிற்காது. வயலின் தெரிந்தவர்கள் இதில் சீக்கிரம் முன்னேறுவார்கள் என்று எதிர்பார்க்கலாம், ஆனால் வில்லைப் பிடிக்கும் விதத்தை முழுக்க மறந்து தொடங்க வேண்டும்.

கல்யாணக் குழு, மஹோரி என்னும் மெல்லிசைக் குழு, பாசாக் நாடகம் எல்லாவற்றிலும் த்ரோ உண்டு. அதனால் கிராமத்தில்கூட ஆசிரியர் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. தனியாக வாசித்தாலும் முழுமையாகக் கேட்கும். பையில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம்.

மறைந்திருக்கும் செலவு தோலில் இருக்கிறது. த்ரோவின் முகத்தில் மலைப்பாம்புத் தோல் போர்த்தும் வழக்கம் உண்டு. அதைப் பற்றிக் கடைசியில் தனியாக எழுதியிருக்கிறேன். அதைத் தவிர, மழைக்காலத்தில் தோல் தளர்ந்து குரல் மங்கும். தந்திகளைத் தாங்கும் குதிரை இடம் மாறினால் சுருதி போகும். இதையெல்லாம் சரிசெய்ய ஆசிரியரே போதும், பெரிய செலவு இல்லை.

மூன்று தந்தி த்ரோ கெமர் என்று ஒன்றும் உண்டு. பழைய கல்யாண இசையிலும் ஆவிகளை அழைக்கும் ஆராக் சடங்கிலும் வாசிப்பது. அதன் வில் தனியாக இருக்கும், தந்தி மாற வேண்டுமானால் கருவியையே திருப்ப வேண்டும். மிக உயர்ந்த கருவி, ஆனால் முதல் கருவியாக அதை எடுக்காதீர்கள். த்ரோ ஊ கைக்கு வந்த பிறகு அதற்குப் போகலாம்.

## ரொனியத் ஏக்

படகு போல வளைந்த பெட்டியின் மேல், இரண்டு கயிறுகளில் கோத்துத் தொங்கும் 21 பட்டைகள். மூங்கிலிலும் செய்வார்கள், கெட்டி மரத்திலும் செய்வார்கள். அரச நடனத்துக்கும் ஸ்பெக் தோம் என்னும் பெரிய தோல்பாவைக் கூத்துக்கும் கோயில் சடங்குகளுக்கும் வாசிக்கும் பின்பியத் குழுவில் இது முன்னணியில் நிற்கும். இரண்டு கைகளும் ஒரே ஸ்வரத்தை மேல் ஸ்தாயியிலும் கீழ் ஸ்தாயியிலும் சேர்ந்து தட்டும். வெளியில் வாசிக்கும்போது கெட்டிக் குச்சி, உள்ளே மஹோரிக்கு மெத்தென்ற குச்சி.

தட்டினால் உடனே நல்ல ஒலி வரும். முதல் நாளே ஏதோ வாசித்த நிறைவு கிடைக்கும், குழந்தைகளுக்கு இது பெரிய ஊக்கம். பல ஆசிரியர்கள் இதைச் சொல்லித்தருவார்கள்.

ஆனால் ரொனியத்தின் உண்மையான வாழ்க்கை குழுவில்தான். கோங் வோங் என்னும் வெண்கலத் தட்ட வட்டமும் கீழ்க்குரலில் ஒலிக்கும் ரொனியத் துங்கும் ஸ்ராலாய் குழலும் சம்போ மத்தளமும் சேர்ந்து ஓடும்போது ரொனியத் ஏக்கின் வேகமான ஓட்டத்துக்கு ஒரு அர்த்தம் வருகிறது. தனியே கேட்டால் அலங்காரம் மட்டும் மிஞ்சும். வாரம் ஒருமுறையாவது ஒரு குழுவோடு உட்கார வழி இல்லாதவர் இதை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஒவ்வொரு பட்டையின் அடியிலும் ஈயத்தூளும் தேன்மெழுகும் கலந்த உருண்டை ஒட்டியிருக்கும். அதைக் கூட்டியும் குறைத்தும்தான் சுருதி சேர்க்கிறார்கள். வெயிலில் காரில் வைத்தால் உருண்டை இளகி விழும், அப்போது அந்தப் பட்டையின் சுருதி ஏறிவிடும். திரும்ப ஒட்டி, இழைத்து, மற்றவற்றோடு பொருத்துவது பழகிய கையின் வேலை. அந்தக் கை உங்கள் ஊரில் இருக்காது. ஈயம் இருப்பதால் சின்னக் குழந்தைகள் உருண்டையைத் தொட்டு வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டைகளைக் கொக்கியிலிருந்து கழற்றிப் பாய் போலச் சுருட்டலாம், ஆனால் பெட்டி பெரியது. விமானத்தில் தனிச் சுமையாகத்தான் போகும்.

## கிம்

சீனாவிலிருந்து வந்த கருவி, இன்று கெமர் கல்யாண இசையில் நன்றாகவே ஊறிவிட்டது. சந்தூர் பார்த்தவர்களுக்கு உருவம் பழக்கமாக இருக்கும். இந்த ஐந்தில் தொடங்குவதற்கு எளிதானவற்றில் ஒன்று. தனியாக வாசித்தாலும் நிறைவாகவே கேட்கும். பெட்டியில் வைத்து மூடி எடுத்துப்போகலாம்.

ஒரே ஒரு செலவு, ஆனால் தினமும் வரும் செலவு: சுருதி சேர்ப்பது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பிகள். அவற்றில் ஒன்று இறங்கினாலும் அந்த ஸ்வரம் முழுதும் கலங்கிக் கேட்கும். காது பழகாத ஆரம்ப மாணவருக்கு இதிலேயே நேரம் போய்விடும். பொறுமை உள்ளவர்களுக்கு நல்ல தேர்வு. கம்பிகளை நாமே சேர்க்க முடிவதால், கொஞ்சம் சிரமப்பட்டால் வேறு சுருதியில் வைத்தும் வாசிக்கலாம். மற்றபடி கெமர் இசையின் ஆழத்துக்குள் போக வேண்டும் என்ற ஆசையில் வருபவர்களுக்கு நான் இதை முதலில் சொல்வதில்லை.

## க்லோய்

விலை குறைவு, எடை இல்லை, உடைந்தால் வேறு வாங்கலாம். நம் புல்லாங்குழல் போலக் குறுக்கே பிடிப்பது அல்ல, நேராகப் பிடித்து வாயில் வைத்து ஊதுவது. ஊதும் இடத்திலேயே காற்றுக்கு வழி அமைத்திருப்பதால் முதல் ஊதலிலேயே ஒலி வரும். உதட்டைக் குவித்துச் சரியான கோணம் தேட வேண்டியதில்லை.

ஒரு வாரப் பயணியாக வந்திருப்பவர், ஆசிரியரோடு ஒன்றிரண்டு மணி நேரம் மட்டுமே கிடைக்கும் என்றால், தயங்காமல் க்லோய் எடுங்கள். ஆனால் சந்தையில் குவித்து விற்கும் சாயம் பூசிய குழல்கள் பல நினைவுப் பொருளாகச் செய்தவை, துளைகள் கண்ணளவில் போட்டவை. வாங்கும் முன் கீழிருந்து மேலாக எல்லா ஸ்வரமும் ஊதிப் பாருங்கள். முடிந்தால் வாசிப்பவர் ஒருவரை ஊதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

## சாப்பெய் டாங் வெங்

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும். என்னிடம் கேட்பவர்களில் அதிகம் பேர் ஆசைப்படுவதும் இதற்குத்தான், பாதியில் விடுவதும் இதைத்தான்.

ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம். தட்டையான குடம், பின்பக்கமாக வளைந்து போகும் நீண்ட கழுத்து, அதில் வீணையில் இருப்பது போல விரல் வைக்க உயரமான மெட்டுக் கட்டைகள். முன்பு பட்டு நூலில் தந்தி போட்டார்கள், இப்போது நைலான். தரையில் உட்கார்ந்து ஒருவரே வாசித்துப் பாடுவார். புத்தரின் முற்பிறவிக் கதைகள், நாட்டுப்புறக் கதைகள், ஊர் நடப்பைப் பற்றிய கிண்டல் எல்லாம் அதில் வரும். இரண்டு பாடகர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டி ஒருவரை ஒருவர் மடக்குவதும் உண்டு. நம் ஊர் லாவணிப் போட்டியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று மோதுவதைக் கேட்டவர்களுக்கு இதன் விறுவிறுப்பு உடனே பிடிபடும்.

2016இல் யுனெஸ்கோ இதை உடனடியாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. கெமர் ரூஜ் காலத்துக்குப் பிறகு மிஞ்சிய வித்வான்கள் மிகச் சிலர். அவர்களில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் கோங் நாய். நான்கு வயதில் பெரியம்மையால் கண் பார்வை இழந்தவர், காம்போட் மாகாணத்துக்காரர். 2021இல் வண்டா என்ற இளம் ராப் பாடகரோடு சேர்ந்து பாடினார், அதன் மூலம் இளைஞர்கள் பலர் சாப்பெயின் குரலை முதன்முதலாகக் கவனித்துக் கேட்டார்கள். 2024இல் காலமானார். அவரைப் போன்றவர்கள் விட்டுச்சென்ற சீடர்கள் இன்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இனி, கற்பவர் கொடுக்க வேண்டிய விலை. தந்தி வாசிப்பது இதில் பாதிகூட இல்லை. சாப்பெய் கலைஞரை மதிப்பது சொல்லுக்காக. யாப்பு தெரிய வேண்டும், பழைய கதைகள் தெரிய வேண்டும், கேட்பவர் முகத்தைப் பார்த்து அடுத்த அடியைக் கட்டத் தெரிய வேண்டும். கெமர் மொழி தெரியாதவர் தந்தி வாசிப்பை மட்டும் கற்கலாம், இனிமையாகவும் இருக்கும், ஆனால் கொஞ்ச நாளில் ஒரு சுவர் முன்னால் வந்து நிற்கும். நான் பார்த்த வரையில் அந்தச் சுவரின் முன்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அதனால் கெமர் மொழி ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர், கம்போடியாவில் பல ஆண்டுகள் இருக்கப்போகிறவர், கெமர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர், இவர்களுக்கு சாப்பெயைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. மொழியும் இசையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். பாட்டு வழியாக வரும் மொழி வகுப்பில் வராது. மற்றவர்கள் முதலில் த்ரோ கற்று, மொழி வளர்ந்த பிறகு இங்கே வாருங்கள்.

## ஒரே பார்வையில்

| | த்ரோ (ஊ, சாவ்) | ரொனியத் ஏக் | கிம் | க்லோய் | சாப்பெய் |
|---|---|---|---|---|---|
| ஆசிரியர் | எளிதில் | எளிதில் | நகரங்களில் | எளிதில் | மிகச் சிலர் |
| முதல் ஒலி | சிரமம் | உடனே | உடனே | உடனே | சுமார் |
| தனியே வாசிக்க | நன்று | குறை தெரியும் | நன்று | நன்று | இதற்கே பிறந்தது |
| கெமர் மொழி | தேவையில்லை | தேவையில்லை | தேவையில்லை | தேவையில்லை | கட்டாயம் |
| வேறு இசைக்கு | வளைந்து கொடுக்கும் | உதவாது | சிரமப்பட்டால் | ஓரளவு | ஓரளவு |
| எடுத்துப்போக | எளிது | கஷ்டம் | பரவாயில்லை | மிக எளிது | நீளம் ஒரு தொல்லை |
| மறை செலவு | தோல், சுங்கம் | மெழுகு உருண்டை, குழு | தினசரி சுருதி | போலிக் குழல் | ஆண்டுகள் |

## நான் ஒதுக்கி வைத்தவை

ஸ்ராலாய் குழலைக் கேட்டு நாகஸ்வர ரசிகர்கள் மயங்குவது இயல்பு. அதன் சீவாளி பனையோலையால் ஆனது, நான்கு மடல்கள் கொண்டது. மூக்கால் இழுத்துக்கொண்டே வாயால் விடும் மூச்சுப் பயிற்சி இல்லாமல் ஒரு பாட்டும் முடியாது. அடுக்குமாடி வீட்டில் வாசிக்கவும் முடியாது. நாகஸ்வரம் ஏற்கெனவே தெரிந்தவர் மட்டும் முயலலாம்.

கோங் வோங் என்னும் வெண்கல வட்டத்தின் நடுவில் உட்கார்ந்து வாசிப்பது தனிச் சுகம், ஆனால் 16 குமிழ்த் தட்டங்களைச் சட்டத்தோடு சுமந்து திரிய முடியாது. சம்போ மத்தளம் குழுவை நடத்தும் கருவி, தெய்வமாகவே மதிக்கிறார்கள். சாதமும் சாம்பலும் பிசைந்து தோலில் பூசிச் சுருதி சேர்ப்பார்கள். மிருதங்கக்காரர்களுக்கு இது பார்த்தவுடன் புரியும். ஆனால் பாடல்கள் எல்லாம் தெரிந்த மூத்தவர் கைக்கு வரும் கருவி அது, புதியவர் அதில் தொடங்குவது முறையல்ல.

வரலாற்றின் மேல் ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டும் இரண்டு: மார்பில் சுரைக்குடுவையை அழுத்தி வாசிக்கும் ஒற்றைத் தந்தி க்சே தியவ், அப்புறம் பின் என்னும் வில் யாழ். பின் யாழ் கோயில் சிற்பங்களில் மட்டும் மிஞ்சி, வாசிப்பு அறவே நின்றுபோனது. பத்ரிக் கெர்சாலே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் சிற்பங்களைப் பார்த்து மறுபடி செய்ய வைத்தார். நம் யாழும் இப்படித்தான் மறைந்தது, இரண்டும் ஒரே குடும்பத்துக் கருவிகள். வாசிப்பு முறை கைமாறி வராததால் இதில் குரு பரம்பரை கிடையாது, தேடித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய வழி.

## எப்போது போவது, எப்படித் தொடங்குவது

புத்த பிக்குகள் விகாரையிலேயே தங்கும் மழைக்கால வர்ஷாவாச மாதங்களில் கல்யாணங்களைத் தவிர்ப்பார்கள். கல்யாணக் குழுவில் வாசிக்கும் ஆசிரியர்களுக்கு வறண்ட காலத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது. ஆகவே ஒரு மாதம் ஒதுக்கிக் கற்க வருபவர்கள் ஜூலைக்குப் பிறகு வருவது நல்லது. பிச்சும் பென் என்னும் பித்ரு நாட்களில் எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், அதைத் தவிருங்கள்.

முதல் பாடத்துக்கு முன் சம்பியா க்ரு என்று குரு வணக்கம் உண்டு. மெழுகுவத்தி, ஊதுபத்தி, பழம், கொஞ்சம் பணம். பெரும்பாலும் வியாழக்கிழமையில் செய்வார்கள். என்ன கொண்டுவர வேண்டும் என்று ஆசிரியரிடமே கேளுங்கள், தவறாக நினைக்க மாட்டார். எந்தக் கருவியையும் தாண்டிக் கால் வைக்காதீர்கள், இதை அங்கே மிகவும் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்.

## வாங்கும் முன் தோலையும் மரத்தையும் கேளுங்கள்

மலைப்பாம்பு இனங்கள், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கின்றன. பாம்புத் தோல் போர்த்திய த்ரோவை அனுமதிச் சீட்டு இல்லாமல் நாட்டுக்கு நாடு கொண்டுபோனால் விமான நிலையத்தில் பறிமுதல் ஆகலாம். கருவியும் போய், வழக்கும் சேரும். ரொனியத் பட்டைக்கும் சாப்பெய் கழுத்துக்கும் பயன்படக்கூடிய க்ரான்ஹூங் மரம் ஈட்டி இனத்தைச் சேர்ந்தது, 2013 முதல் அதுவும் அதே ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது. கடைக்காரர் "பிரச்சினை இல்லை, எல்லாரும் கொண்டுபோகிறார்கள்" என்பார். அந்தச் சொல்லை நம்பி வாங்க வேண்டாம்.

செய்பவரிடம் நேரில் சொல்லி, த்ரோவுக்குக் கன்றுத் தோல் போடச் சொல்லுங்கள். த்ரோ ஊவில் அது வழக்கத்தில் உள்ளதுதான், ஒலி சற்று மென்மையாக இருக்கும், அவ்வளவே. பட்டைகளுக்கு மூங்கில் கேளுங்கள். எந்தத் தோல், எந்த மரம் என்று எழுதிய ரசீது வாங்கிக் கருவியின் உறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.